பங்கரண்ணை மிளகாய் வறுத்த கதை

அமெரிக்காவும் ரஷ்யாவும் சமாதானமாகிப் போனதற்காக உலகத்திலேயே துக்கம் அனுஷ்டித்த ஒரே மனிதர் எங்கள் பங்கரண்ணைதான். பெர்லின் சுவர் இடிந்தபோது ஜெர்மனியே கட்டிப்பிடித்து ஆனந்தக் கண்ணீர் விட்டதாம். இவரும் அழுதிருக்கிறார், ஆனால் அது அசல் இழவு வீட்டு அழுகை. "நல்ல சுவர் பிள்ளை. அநியாயமா உடைச்சுப்போட்டாங்கள்" என்று பதினேழு வருஷம் கழித்தும் என்னிடம் புலம்பினார்.

நான் சொல்வது 2006-ஆம் வருஷம். சிவகாசியில் பிறந்து, சென்னையில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்த பெண்ணான என்னை, கம்பெனி ஜெர்மனியில் பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு வேலைக்கு அனுப்பியது. பதினெட்டு வீடுகள் கொண்ட பழைய அடுக்குமாடி ஒன்றில் மூன்றாவது மாடி எனக்கு. அந்தக் கட்டிடத்தின் ஹவுஸ்மைஸ்டர், அதாவது பல்பு மாற்றுவதிலிருந்து பனி அள்ளுவதுவரை எல்லாம் பார்க்கிறவர், ஒரு யாழ்ப்பாணத் தமிழர். ஐம்பது வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை, கீழ்த்தளத்தில் தனியாகக் குடியிருந்தார். அந்த வட்டாரத்துத் தமிழர் அத்தனை பேருக்கும் அவர் பங்கரண்ணை. ஏன் அந்தப் பெயர் என்று நான் யாரையும் கேட்கவில்லை. பெட்டியைக் கீழே வைப்பதற்குள் தெரிந்துவிட்டது.

நம்மூரில் புது வீட்டுக்குப் போனால் பால் காய்ச்சுவோம். ஜெர்மனியில் குப்பையை எப்படிப் பிரித்துப் போடுவது என்று பாடம் எடுப்பார்கள். பங்கரண்ணை இரண்டையும் செய்யவில்லை. "வீடு எங்கயும் ஓடிப்போகாது. முதல்ல கீழ வாங்கோ" என்று என்னை நிலவறைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

அங்கே ஒரு இரும்புக் கதவு. என் கையால் ஒரு சாண் கனம். ரஷ்யாக்காரன் எப்போது அணுகுண்டைப் போடுவானோ என்று இந்த நாடு நடுங்கிக்கொண்டிருந்த காலத்தில், கட்டிடத்தோடு சேர்த்துக் கட்டிய பதுங்கு அறை அது, யாழ்ப்பாணத்தார் வாயில் 'பங்கர்'. வரிசையாக மூன்றடுக்குக் கட்டில்கள். சுவரில், வெளிக்காற்றை இழுத்து வடிகட்டி உள்ளே விடுகிற ஒரு பம்பு. கரண்டு போனால் கையால் சுற்றுவதற்கு அதில் பெரிய கைப்பிடி. வேறு கட்டிடங்களில் இந்த மாதிரி அறைகளில் எலி குடியிருந்தது. இவரோ கோயில் மடப்பள்ளி மாதிரி வைத்திருந்தார். ஒரு பொட்டுத் தூசி கிடையாது, கீலுக்குக் கீல் எண்ணெய்.

"உங்களுக்குப் பதினேழாம் கட்டில். மேல்தட்டு" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

"எதுக்குண்ணே?"

"குண்டு விழேக்க படுக்க."

"இந்தக் காலத்துல யாருண்ணே குண்டு போடப் போறாங்க?"

"போடுறவன் சொல்லிப்போட்டே போடுறவன்?" என்றார். பிறகு, "எந்த ஊர் நீங்கள்?"

சிவகாசி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. சீட்டைத் திரும்ப வாங்கி, கதவுக்குப் பக்கத்துக் கட்டிலாக மாற்றி எழுதினார். "வெடிச் சத்தத்துக்குப் பழகின ஆள். வாசல்ல இருக்கலாம்."

அந்த ஜெர்மன் ஊரில் மாதத்தின் முதல் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அபாயச் சங்கு வேலை செய்கிறதா என்று ஊதிப் பார்ப்பார்கள். ஜெர்மானியர்கள் அதைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விடுவார்கள். பங்கரண்ணைக்கு மட்டும் அது மூன்றாம் உலகப்போர். வாயில் விசில், கையில் நிறுத்துகடிகாரம், பதினெட்டு அழைப்புமணிகளையும் அமுக்கிக்கொண்டு மாடி மாடியாக ஓடுவார். ஐந்து வருஷமாக ஓடியும் ஒரு ஜெர்மன்காரர் கூட இறங்கியதில்லை. விவரம் தெரியாத நான்தான் முதல் தடவை நிஜம் என்று நம்பி, தலை நிறையச் சீயக்காயோடு, துண்டைச் சுற்றிக்கொண்டு படியில் உருண்டு வந்தேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நிமிஷம் முப்பது செக்கன். செத்துப்போனீங்கள் பிள்ளை."

"யோவ் அண்ணே, தலையில சீயக்காய் இருக்குய்யா!"

"குண்டு சீயக்காய்க்கு நிக்காது."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஒரு குண்டு போட்டிருப்பேன். கண்ணெரிச்சலில் படி தெரியாமல் தடவித் தடவி மேலே போனேன்.

அவருக்கு நிரந்தர எதிரி ஒருவர் அதே கட்டிடத்தில் இருந்தார். முதல் மாடி கெர்டா அம்மாள். அறுபத்தைந்து வயது, கணவர் இல்லை, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் அணுகுண்டுப் பயத்தை அணுஅணுவாக அனுபவித்தவர். கியூபா விஷயத்தில் அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்ட வாரத்தில், குளியல்தொட்டி நிறையக் குடிதண்ணீர் பிடித்துவைத்து, வீட்டில் ஒருவரையும் குளிக்கவிடாமல் காவல் காத்தாராம். பிறகு அந்தப் பயம் கோபமாக மாறி, ஏவுகணைகளை எதிர்த்து பான் நகரத்தில் ஊர்வலம் போயிருக்கிறார். அந்த இரும்புக் கதவுக்குள் காலே வைப்பதில்லை என்பது அவருடைய விரதம். "அணுகுண்டு விழுந்தால் அந்த அறை நம்மைக் காப்பாற்றாது, பதமாக வேகவைக்கும்" என்பார். பங்கரண்ணை அவருக்கு எழுதிக் கொடுத்த கட்டில் சீட்டு மாதாமாதம் நான்காகக் கிழிந்து பங்கரண்ணையின் தபால் பெட்டிக்குத் திரும்பிவரும். இவர் சளைக்காமல் புதுச் சீட்டு எழுதுவார்.

"உங்களுக்கென்னண்ணே பனிப்போர் மேல இவ்வளவு பாசம்?" என்று ஒருநாள் கேட்டேன். தேநீர்க் கோப்பையோடு என் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே சொன்னார். மனிதர் ஒரு இடத்தில் நிற்கமாட்டார்.

"எண்பத்தஞ்சில மொஸ்கோவுக்கு வந்து, அங்கயிருந்து கிழக்கு பெர்லின்ல இறங்கினனான். கிழக்குக்காரன் என்னைப் பார்த்தான். மேற்குக்குத் தலையிடி குடுக்கவேணுமெண்டு அவனுக்கு ஆசை. 'போ போ' எண்டு ரயில்ல ஏத்திவிட்டான். மேற்கில இறங்கிறன், பாஸ்போட் கேக்க ஒரு குருவி இல்லை. ஏன் சொல்லுங்கோ?"

"ஏன்?"

"அந்தச் சுவர் எல்லையே இல்லையெண்டு மேற்குக்காரன் பிடிவாதம். எல்லையில்லாத இடத்தில எப்பிடிச் செக் பண்ணுறது? பண்ணினா எல்லையெண்டு ஒத்துக்கொண்டமாதிரி ஆயிடும். ரெண்டு பெரிய ஆக்கள் ரோசத்தில முகத்தைத் திருப்பிக்கொண்டு நிண்டாங்கள், நான் நடுவால நடந்து வந்தன். இப்ப எல்லாரும் ஒற்றுமை. ஒற்றுமையா நிண்டு கதவைப் பூட்டுறாங்கள்."

கோப்பையை வாங்கிக் கழுவினேன்.

இப்போது மிளகாய்க்கு வருவோம். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குக் கறித்தூள் கடையில் வாங்கினால் தொண்டையில் இறங்காது. மிளகாயும் மல்லியும் கருக வறுத்து, தாங்களே இடிக்க வேண்டும். பங்கரண்ணை தன் சமையலறையில் வறுத்தபோதெல்லாம் புகைமணி அலறி, மேல்வீட்டார் தும்மி, வீட்டு நிர்வாகத்திடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மனிதர் யோசித்தார். காற்றுக்கூட நுழையாத அறை ஒன்று தன் பொறுப்பில் இருக்கும்போது சமையலறை எதற்கு? ஒரு புதன்கிழமை காலை, ஐந்து கிலோ காய்ந்த மிளகாயையும் ஒரு கேஸ் அடுப்பையும் தூக்கிக்கொண்டு பதுங்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நெடி ஏறியதும் மூச்சு முட்டியது. முட்டினால் என்ன, பம்பு இருக்கிறதே! வலது கையால் வறுத்தபடி இடது கையால் கைப்பிடியைச் சுற்றினார். அந்தப் பம்பு புதுக்காற்றை உள்ளே தள்ளினால், உள்ளிருக்கும் காற்று இன்னொரு குழாய் வழியாக வெளியே போய்த்தான் ஆகவேண்டும். சாதாரணக் கட்டிடமாக இருந்திருந்தால் அந்தக் குழாய் துருவேறி அடைத்திருக்கும். இவர் பராமரிப்பில் அது பளபளவென்று வேலை செய்தது. அதன் வாய் இருந்தது பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், செடிவேலிக்குள்.

நான் அன்று காய்ச்சலில் லீவு. ஜன்னல் வழியே பார்க்கிறேன், நிறுத்தத்தில் நின்ற ஏழெட்டுப் பேர் ஒருசேரத் தும்முகிறார்கள். கண்ணைக் கசக்குகிறார்கள். வந்து நின்ற பேருந்தின் ஓட்டுநர் கதவைத் திறந்தார், தும்மினார், கதவை மூடவே முடியவில்லை. யாரோ "விஷவாயு" என்று கத்தினார்கள். அவ்வளவுதான், தெரு கலைந்து ஓடியது. எட்டாவது நிமிஷம் தீயணைப்பு வண்டி வந்து, முகமூடியோடு ஆட்கள் குதித்தார்கள்.

எனக்கு மட்டும் அந்த நெடி ஏதோ சொந்தக்காரர் மாதிரி இருந்தது. கீழே ஓடினேன். எனக்கு முன்னால் கெர்டா அம்மாள், ஈரத்துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, நாற்பது வருஷத்துப் பயமும் ஒன்றாகத் திரும்பிவர, விரதத்தையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு நேரே பதுங்கு அறைக்கு ஓடிக்கொண்டிருந்தார். "வேண்டாம், திறக்காதீங்க!" என்று நான் தமிழில் கத்தினேன். அவசரத்தில் ஜெர்மன் வந்தால்தானே? அவர் கதவை இழுத்துத் திறந்தார்.

உள்ளிருந்து நெடி ஒரு சுவர் மாதிரி வந்து மோதியது. நடுவில் பங்கரண்ணை, நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கையில் அகப்பை, ஒரு கையில் பம்பு.

கெர்டா அம்மாள் கண்ணீர் கொட்டக் கேட்டார், "ரஷ்யர்களா?"

"இல்லை" என்றார் பங்கரண்ணை பணிவாக. "மிளகாய்."

அன்று தெருவில் இருந்தவர்களில் சிரித்தது நான் ஒருத்திதான். அதுவும் காய்ச்சலால் என்று சமாளித்தேன். ஆனால் சிரிப்பு ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. இந்த மாதிரிப் பதுங்கு அறைகள் இனித் தேவையில்லை என்று அரசாங்கமே கைவிடுகிறது. ஆகவே கதவையும் பம்பையும் கழற்றி எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சைக்கிள் நிறுத்துமிடம் ஆக்கப்போகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

அவர் வேலை போகவில்லையே என்று நான் நிம்மதிப்பட்டேன். அவர் நிலைகொள்ளாமல் தவித்தார். படியில் ஏறினார், இறங்கினார். துடைத்த கைப்பிடியைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். கடைசியில் ஒரு வெற்றுத் தாளோடு என் வாசலில் வந்து நின்றார். "பிள்ளை, ஒரு அன்ராக் எழுதவேணும். எனக்கு ஜெர்மன் கதைக்கத்தான் வரும். அறையை விட்டுவைக்கச் சொல்லி."

விண்ணப்பத்தைத்தான் அங்கே தமிழர்கள் அன்ராக் என்பார்கள். என் ஜெர்மனுக்குத் தக்காளி வாங்கத்தான் தெம்பு உண்டு. வேறு வழியில்லாமல் அவரைக் கெர்டா அம்மாளிடம் அழைத்துப் போனேன். மிளகாய்க்குப் பிறகு அந்த அம்மாள் கண் இன்னும் சிவப்பாகவே இருந்தது. இருந்தும் பேனாவை எடுத்துக்கொண்டு, "காரணம்?" என்று கேட்டார்.

இருபது வருஷத்து ஜெர்மன் இதற்கு உதவவில்லை போலும், பங்கரண்ணை என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார், நான் அரைகுறையாக மொழிபெயர்த்தேன்.

"நான் ஒருநாளும் பங்கருக்குள்ள இருந்ததில்லை பிள்ளை. நான் வெளிக்கிட்டாப் பிறகுதான் ஊரில பிளேன் வந்து குண்டு போடத் துவங்கினது. அம்மாவும் என்ர தங்கச்சியும் தாங்களே வீட்டு முத்தத்தில மண்ணைக் கிண்டி, கிடங்கு வெட்டினவை, அதுதான் பங்கர். அம்மா போயிட்டா. தங்கச்சி இப்ப கிளிநொச்சிப் பக்கம், புருசன், ரெண்டு பிள்ளையள். சனிக்கிழமை காலமை போன் கடையில நிண்டு எடுப்பாள். கதைச்சுக்கொண்டிருக்கேக்க பிளேன் சத்தம் வரும். 'பங்கருக்குப் போறம் அண்ணை' எண்டு வைச்சிடுவாள். பிறகு அவள் எடுக்கிறமட்டும் நான் என்ன செய்யுறது? கதிரையில இருக்கேலுமோ? கீழ போய் நிண்டு அந்தப் பம்பைச் சுத்துவன். அவையின்ர கிடங்குக்குள்ள காத்தில்லை, சின்னவனுக்கு மூச்சு முட்டுதெண்டு சொன்னவள். இஞ்ச சுத்தினா அங்க காத்துப் போகாதெண்டு எனக்குத் தெரியும். எனக்கு விசர் இல்லை. ஆனா கை சும்மா இருக்கமாட்டனெண்டுது."

என் மொழிபெயர்ப்பில் பாதி தப்பாகத்தான் இருந்திருக்கும். கெர்டா அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒன்றரைப் பக்கம் எழுதினார், நான் பார்த்த ஜெர்மன் கடிதங்களிலேயே கோபமான கடிதம் அது. வாழ்நாளெல்லாம் பதுங்கு அறைகளை எதிர்த்த பெண்மணி, ஒரு பதுங்கு அறைக்காக எழுதி, கீழே இரண்டு முறை அடிக்கோடிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பத்தே நாளில் மரியாதையான மறுப்பு வந்தது. ஒரு வியாழக்கிழமை நான்கு பேர் வந்து இரும்புக் கதவை அறுத்தார்கள். பம்பைக் கழற்றினார்கள். பங்கரண்ணை கூடவே நின்று, எந்த ஆணி எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர்களுக்கே சொல்லிக்கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை காலை துணி துவைக்க இறங்கிக்கொண்டிருந்தேன். கீழ்த்தளத்தில் அவர் வீட்டுக்குள்ளிருந்து குரல் கேட்டது. "கெதியாப் போ! பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போ, போ!" கதவு திறந்தது. கையில் மொபைலோடு பழக்கத்தில் நிலவறைக்கே ஓடினார். பின்னாலேயே போனேன். அங்கே புதுசாகச் சுண்ணாம்பு அடித்த அறையில் மூன்று சைக்கிள்கள். பம்பு இருந்த சுவருக்கு முன்னால் போய் நின்றார். அவர் வலது கை காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அழுக்குத் துணிக்கூடையை வைத்துக்கொண்டு முட்டாள் மாதிரி நின்றேன்.

சத்தம் கேட்டு வீட்டுச் செருப்போடு இறங்கிவந்தவர் கெர்டா அம்மாள். ஒரு பார்வைதான் பார்த்தார். பங்கரண்ணையின் சட்டைக்கையைப் பிடித்து, மாடிக்கு, தன் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அலமாரியிலிருந்து, முழங்காலுக்கு நடுவே வைத்துக் கையால் சுற்றுகிற பழைய மரக் காபி அரைவையை எடுத்தார். கொட்டையைப் போட்டார். அண்ணை மடியில் வைத்தார்.

"சுற்று" என்றார்.

பங்கரண்ணை சுற்றினார். ஒரு ஈடு முடிந்ததும் கெர்டா அம்மாள் அடுத்த ஈடு போட்டார். கொட்டை தீர்ந்ததும் நான் ஓடிப்போய்க் கடையில் வாங்கிவந்தேன். ஒரு மணி நேரம் நாற்பது நிமிஷம். சமையலறை முழுக்கக் காபி வாசம், ஒருவரும் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. மொபைல் அடித்தபோது அவர் கை நிற்க மறுத்தது. கெர்டா அம்மாள்தான் பொத்தானை அமுக்கி அவர் காதில் வைத்துப் பிடித்தார்.

"ஓம்... ஓம். நாலு பேரும் வெளிய வந்திட்டீங்களோ?... ஓம், நான் சாப்பிட்டனான். சாப்பிட்டனான் எண்டு சொல்லுறன் எல்லே!"

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத மனிதர்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் அதுவே ஏற்பாடு ஆயிற்று. அடுத்த வருஷம் வேலை முடிந்து நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். 2009 பிறந்ததும் போர் முற்றி, அவர் தங்கச்சி இருந்த வன்னிப் பக்கத்திலிருந்து போன் வருவதே நின்றுபோயிற்று. நான் சனிக்கிழமை தவறாமல் கெர்டா அம்மாள் வீட்டுக்குப் போன் செய்வேன். எடுத்ததும் பின்னால் கரகரவென்று அரைக்கும் சத்தம் கேட்டால், இன்னும் தகவல் இல்லை என்று அர்த்தம். "சுத்துறன் பிள்ளை" என்பார் பங்கரண்ணை, வைத்துவிடுவேன். மாதக்கணக்கில் அந்த ஒரு வார்த்தைதான் பேசினோம். எனக்கும் வீட்டில் உட்கார முடியாது. யார் மேலாவது எரிந்துவிழுந்துகொண்டே இருப்பேன்.

ஒரு சனிக்கிழமை, ஜூன் மாதம், போனை எடுத்தார்கள், அரைக்கும் சத்தம் இல்லை.

"அண்ணே?"

ரிசீவர் எதிலோ இடிபட்டது.

"அண்ணே, என்னாச்சு? சொல்லுங்கண்ணே!"

"வவுனியா முகாமில இருக்கினமாம், பிள்ளை. நாலு பேரும். அவள் கதைச்சவள்." மூக்கை உறிஞ்சிவிட்டு, "இஞ்ச பதினொரு கிலோ கோப்பித்தூள் கிடக்கு. தெருவில ஒருத்தரும் இனி வாங்கமாட்டினம். என்ன செய்யுறது?" என்று கேட்டார்.

"எனக்கு அனுப்புங்கண்ணே" என்றேன்.

அனுப்பிவைத்தார், பதினொரு கிலோவும். மாவுமாதிரி அரைபட்டிருந்தது, எந்த ஃபில்டரிலும் நிற்கவில்லை, நாக்கில் மண்ணாக ஒட்டியது. இவ்வளவு மோசமான காபியை என் வாழ்க்கையில் நான் குடித்ததில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் குடித்தேன், ஒரு கரண்டிகூட வீணாக்கவில்லை.